வந்த டீச்சர் ஏன் நிற்பதில்லை?



பண்டிகை நாள் வந்தால் ஏதாவது ஒரு தொலைக்காட்சியில் ஒரு வாத்தியார் படம் ஓடும். ‘சாட்டை’, ‘ராட்சசி’, ‘வாத்தி’ என்று ஏதோ ஒன்று. லயத்தில் ஒரு காம்பராவில் ஓடினால் நாலு காம்பராச் சனம் அங்கேதான் இருக்கும். மறுநாள் பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அதே பேச்சு. பிறகு அந்தப் பேச்சு பாடசாலை வாசலுக்கு வந்து எங்களிடம் ஒரு கேள்வியாக நிற்கும்: “நம்ம பள்ளிக்கூடத்துக்கு இந்த மாதிரி ஒரு டீச்சர் எப்ப வருவாங்க?”

தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே சங்க வேலையும் பார்க்கிற எங்களுக்கு இந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அதில் நியாயமான ஏக்கம் இருக்கிறது. ஆனால் அது பாதிக் கேள்விதான். மற்றப் பாதியை நாம் கேட்பதே இல்லை. வந்த டீச்சர் ஏன் போனார்? அதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச விரும்புகிறோம்.

ஒரு படம், பல பார்வைகள்

‘ராட்சசி’ 2019 ஜூலையில் வந்தது. கௌதம்ராஜ் இயக்கியது. கீதாராணி என்ற தலைமையாசிரியையாக ஜோதிகா நடித்தார். இராணுவத்தில் இருந்து வந்த பெண். சீர்கெட்டுக் கிடக்கும் ஓர் அரசாங்கப் பாடசாலையைப் பொறுப்பேற்கிறார். ஏனோதானோவென்று இருந்த ஆசிரியர்களை ஒழுங்குக்குக் கொண்டு வருகிறார். தனியார் பள்ளி நடத்தும் பணக்காரனோடு மோதுகிறார். அவரைக் கல்யாணம் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லும் ஒரு சின்னப் பொடியனும் வருவான். அவனைக் கண்டு சிரிக்காத ஆள் கிடையாது.

இந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அப்போது மலேசியாவின் கல்வி அமைச்சராக இருந்தவர் மஸ்லி மாலிக். அவர் தமிழர் அல்லர். ஆனாலும் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் முகநூலில் பாராட்டி எழுதினார். படத்தில் கண்டதைத் தன் நாட்டுப் பாடசாலைகளோடு ஒப்பிட்டும் எழுதினார். இது நமக்குப் பெருமையான செய்திதான். மலேசியாவில் இன்றும் நடக்கும் தமிழ்ப் பாடசாலைகள் பல, நம்மைப் போலவே கடல் கடந்துபோன சனத்தின் பிள்ளைகளுக்காக இறப்பர்த் தோட்டங்களில் தொடங்கியவை. 10 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பாடசாலை வைக்க வேண்டும் என்று அங்கே 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. துரைமார் தாங்களாக மனம் இரங்கி வைக்கவில்லை.

அதே படத்தைப் பார்த்துத் தமிழ்நாட்டில் ஓர் ஆசிரியர் சங்கம் கொதித்தது. அரசாங்க ஆசிரியர்கள் எல்லாரையும் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவர்கள் போலக் காட்டுகிறது, இதைத் தடை செய்ய வேண்டும் என்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்தது. ஒரு நாட்டின் அமைச்சர் கை தட்டினார், இன்னொரு நாட்டின் ஆசிரியர்கள் தடை கேட்டார்கள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம்.

நம்முடைய சனம் எப்படிப் பார்க்கிறது? அதை அறிய ஒரு வாய்ப்பு இந்தச் சித்திரை விடுமுறையில் கிடைத்தது.

துறைமுகத்தில் ஒரு திரையிடல்

திருகோணமலையில் நமக்கு உறவுகள் உண்டு என்பது பழைய தோழர்களுக்குத் தெரியும். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில் மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி மட்டுமல்லாமல் திருமலைப் பக்கமும் போய்ச் சேர்ந்தன. இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும், வேலை தேடி மலையில் இருந்து புதிதாக இறங்கிய பொடியன்களும் துறைமுகப் பகுதியில் கூலி வேலையிலும், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அழைப்பில் எங்கள் தோட்டங்களின் பிள்ளைகளையும் சில தாய்மாரையும் கூட்டிக்கொண்டு தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகப் போனோம். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. சீனன்குடாவில் மா ஆலையைக் காட்டி, நம் வீட்டு ரொட்டிக்கு மா அரைக்கிற இடம் அது என்று சொன்னபோது அதையும் கடலைப் பார்த்த மாதிரியே பார்த்தார்கள்.

இந்த நாட்டிலேயே இப்படி ஒரு கதை படமாக வந்திருக்கிறது. இந்திக பெர்டினாண்டோ இயக்கிய ‘ஹோ கானா பொகுண’ என்ற சிங்களப் படம். தூரத்துக் கிராமம் ஒன்றின் சின்னப் பாடசாலைக்கு ஓர் இளம் ஆசிரியை வருகிறார். கடலைக் கண்டிராத பிள்ளைகளுக்குக் கடல் பார்க்க ஆசை. அந்த ஆசையைச் சுற்றித்தான் படம். சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் நம் லயத்துப் பிள்ளைக்கும் ஆசையில் வித்தியாசம் இல்லை என்று அதைப் பார்த்த எங்களுக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள் இரவு துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு வாசிகசாலையில் வெள்ளை வேட்டியைக் கட்டி ‘ராட்சசி’யைப் போட்டோம். பிள்ளைகளும் பெரியவர்களும் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். படம் முடிந்ததும் வீட்டுக்குப் போக விடாமல் அரை மணித்தியாலம் இருக்கச் சொல்லி, எல்லாரையும் பேச வைத்தோம். அங்கே கேட்டவற்றில் நாலு பேச்சை இங்கே எழுதுகிறோம். பெயர்கள் வேண்டாம்.

நிலாவெளியில் ஹோட்டல் வேலை செய்யும் ஒரு பொடியன் முதலில் எழும்பினான். 9ஆம் வகுப்போடு விட்டவன். “எங்க ஸ்கூல்ல கெட்ட டீச்சருன்னு யாரும் இருக்கல சேர். டீச்சரே இருக்கல. கணக்குக்கு ரெண்டு வருஷம் ஆள் இல்ல. வந்தாங்க, மூணு மாசத்துல மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க. இந்தப் படத்துல திட்டுறதுக்காவது டீச்சர் இருக்காங்க” என்றான். சபை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அடுத்தது எங்களோடு வந்த ஒரு கொழுந்தெடுக்கும் அக்கா. “நல்ல படந்தான். ஆனா அந்தம்மா நம்ம தோட்டத்துக்கே வர்றாங்கன்னு வச்சுக்குவோம். எந்தக் காம்பராவக் குடுப்போம்? மழை பேஞ்சா ஒழுகாத காம்பரா ஒண்ணு காட்டுங்க பாப்போம்” என்று கேட்டார்.

மூன்றாவது, 1977இல் சின்னப் பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பன்குளம் பக்கம் வந்து சேர்ந்த ஓர் அம்மா. 1983இல் அந்தப் பகுதியில் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்களை பஸ்ஸில் ஏற்றி மறுபடி மலைக்கே அனுப்பினார்கள். அதில் அவரும் போனார். பிறகு திரும்பி வந்தார். “எனக்கு நல்ல டீச்சர்மார் இருந்தாங்க. ஆனா ஒரு பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் சேந்தாப்போல இருந்ததில்ல. அந்த டீச்சர்மார் பேர் கூட ஞாபகத்துல நிக்கல” என்றார்.

கடைசியாகப் பேசியவர் திருமலையைச் சேர்ந்த ஒரு பட்டதாரிப் பெண். 2017இல் கிழக்கு மாகாணத்து வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவில் இருந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் இருந்தவர். “நல்ல மனசுள்ள ஆசிரியர் இல்லையெண்டு படம் சொல்லுது. எங்களைப் படிப்பிக்க விடுங்கோ எண்டு கேட்டுத்தான் நாங்கள் வெய்யிலுக்கை ரோட்டில இருந்தனாங்கள். அந்த நேரம் உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களில கதிரை வெறுமையாக் கிடந்தது” என்றார்.

இந்த நாலு பேரும் படத்தைக் குறை சொல்லவில்லை. கை தட்டியவர்கள்தான். ஆனால் நாலு பேருடைய வாழ்க்கையும் படத்தில் இல்லாத ஓர் இடத்தைத் தொட்டது. படம் ஆசிரியர் வருவதைக் காட்டுகிறது. அவர் வருசக் கணக்காக நிற்பதற்கு என்ன வேண்டும் என்பதைக் காட்டுவதில்லை.

கிழித்த கடிதமும் கிழிக்காத கடிதமும்

இது தமிழ்ப் படத்தின் குறை மட்டும் அல்ல. வாத்தியார் படங்களில் உலகத்துக்கே பெயர் போன ஒன்று ‘டு சேர் வித் லவ்’. 1967இல் வந்தது. சிட்னி பொய்ட்டியர் என்ற கறுப்பின நடிகர், லண்டன் துறைமுகத்தை ஒட்டிய ஏழைப் பகுதிப் பாடசாலைக்கு வரும் ஆசிரியராக நடித்தார். பொறியியலாளர் வேலை கிடைக்காமல் ஆசிரியராக வந்தவர் அவர். படத்தின் முடிவில் அந்த வேலைக்கான கடிதம் வருகிறது. பிள்ளைகளின் அன்பைக் கண்டு அதைக் கிழித்துப் போடுகிறார். பார்க்கிற எவருக்கும் கண் கலங்கும்.

அந்தக் கதை உண்மையில் நடந்தது. எழுதியவர் பிரெய்த்வெய்ட். நம்மைப் போலக் கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியச் சனம் கொண்டுபோகப்பட்ட பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். நிறத்தைப் பார்த்து வேலை மறுத்ததால்தான் பாடசாலைக்குப் போனார். தன் அனுபவத்தை 1959இல் புத்தகமாக்கினார். அவர் உண்மை வாழ்க்கையில் ஆயுள் முழுக்க அந்த வகுப்பறையிலேயே இருந்துவிடவில்லை. சில வருசங்களில் ஆசிரியத் தொழிலை விட்டு, லண்டன் நகர சபையில் சமூக நல வேலைக்குப் போனார். தன் கதையை வைத்து எடுத்த அந்தப் படம் தனக்குப் பிடிக்கவில்லை என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நல்ல ஆசிரியர், அதில் சந்தேகமில்லை. எவ்வளவு நல்ல ஆசிரியரானாலும் அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு மனிதர். அவருக்கும் வாடகை உண்டு, பிள்ளை உண்டு, வயதான தாய் உண்டு, காய்ச்சல் உண்டு. படத்தில் கடிதத்தைக் கிழிக்கலாம். மாற்றல் கடிதத்தைக் கிழித்துப் போடு என்று ஒரு டீச்சரிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர் கிழிக்காமலே விண்ணப்பிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதான் நாம் யோசிக்க வேண்டும்.

நமக்கு ஆசிரியர் வந்த கதை

தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் பேசத் தொடங்கியது 1907இல். பிறகு 1920இல் ஒரு கல்விச் சட்டம். சட்டத்தில் பாடசாலை என்று எழுதியிருந்தது. தோட்டத்தில் இருந்ததோ ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தபோது நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை கதவு திறந்தது. தோட்டப் பாடசாலை துரையின் பொறுப்பிலேயே கிடந்தது. 1948இல் குடியுரிமையும் போனது. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 முதல்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆகவே அரசாங்க ஆசிரியர் என்ற ஆளே நம் லயத்துக்கு வந்து இன்னும் அரை நூற்றாண்டு ஆகவில்லை.

பிறகு சுவீடன் உதவியில் கட்டடம் வந்தது. ஜேர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. நம் பிள்ளைகளே பயிற்சி பெற்று ஆசிரியர் ஆனார்கள். இதெல்லாம் முன்னேற்றம், மறுக்க முடியாது. ஆனால் 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு என்று 3,000க்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைச் சேர்த்தபோது என்ன கொடுத்தார்கள்? மாதம் 6,000 ரூபா. கத்திக் கேட்ட பிறகு 10,000 ஆக்கினார்கள். அந்தக் காசில் லயத்துப் பெற்றோரின் சோற்றைத் தின்றுகொண்டுதான் உயர்தரம் முடித்த அந்தப் பிள்ளைகள் படிப்பித்தார்கள். கீதாராணியைப் பார்த்துக் கை தட்டிய நாம், அவர்களுக்காக ஒரு நாளாவது பெரட்டுக் களத்தில் நின்று பேசினோமா? சில தோட்டங்களில் பேசினோம். பல தோட்டங்களில் அது ‘டீச்சர்மார் பிரச்சினை’ என்று விட்டுவிட்டோம்.

2021ஐ நினைத்துப் பாருங்கள். வருசத் தொடக்கத்தில் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக நாம் வேலையை நிறுத்தினோம். ஜூலையில் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி இணையவழிப் படிப்பித்தலை நிறுத்தினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நின்றார்கள். கொழுந்து எடுப்பவரும் பாடம் எடுப்பவரும் ஒரே வருசத்தில் ஒரே காரணத்துக்காகப் போராடினார்கள். தாய் ஒரு போராட்டத்தில், பிள்ளையின் டீச்சர் இன்னொரு போராட்டத்தில். இரண்டையும் ஒன்று சேர்க்க முடியாமல் போனது சங்கம் என்ற முறையில் நமக்குள்ள பெரிய வேலையைக் காட்டுகிறது.

தனி ஆளாக யாரும் வெல்லவில்லை

நம் சொந்த வரலாற்றிலும் வழக்கத்துக்கு மாறான ஆசிரியர்கள் இருந்தார்கள். அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்து அதிபராகவும் ஆன இர. சிவலிங்கத்தை மூத்த தோழர்கள் மறக்க மாட்டார்கள். தோட்டத்துப் பிள்ளை தலை நிமிர்ந்து பேச வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தவர். ஆனால் அவரைச் சுற்றிச் சக ஆசிரியர்கள் இருந்தார்கள், வாலிபர் சங்கங்கள் இருந்தன, பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் கல்லூரிக்கு அனுப்பிய தாய் தகப்பன்மார் இருந்தார்கள். அதற்கும் முன்னால் நடேசய்யர் தோட்டத்துக்குள் வந்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடிச் சனத்தைத் திரட்டினார். அவர்களும் ஒரு வகையில் வாத்தியார்கள்தான். வகுப்பறைதான் வேறு. அங்கேயும் சனம் கூடியதால்தான் காரியம் நடந்தது.

இந்த ஊரையே பாருங்கள். திருமலையில் ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை வேண்டும் என்று தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார் 1923இல் தொடங்கியது. 100 வருசத்தைத் தாண்டி அது நிற்கிறது என்றால், அவருக்குப் பின்னால் ஊரும் ஆசிரியர்களும் பெற்றோரும் தலைமுறை தலைமுறையாகத் தூக்கிப் பிடித்ததால்தான்.

தமிழ்நாட்டு ஏழைப் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டு வந்தது எது? 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு. 1982இல் எம்.ஜி.ஆர். அதைப் பெருக்கினார். 2022இல் அங்கே காலைச் சாப்பாடும் சேர்ந்தது. சோற்றுப் பானையைப் பற்றி யாரும் விசில் அடிக்கும் படம் எடுப்பதில்லை. ஆனால் பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

வாத்தியார் படங்களில் எங்களுக்கு மனசுக்கு நெருக்கமானது 2011இல் சற்குணம் எடுத்த ‘வாகை சூட வா’. செங்கல் சூளையில் தாய் தகப்பனோடு பிள்ளைகளும் வேலை செய்யும் கிராமம். வந்த வாத்தியார் பொடியனுக்கு முதலில் அங்கே மனசே ஒட்டவில்லை. கணக்குத் தெரியாத சனத்தை முதலாளி ஏமாற்றுவதைக் கண்ட பிறகுதான் அவன் முழு மனதோடு படிப்பிக்கிறான். நிறுவைத் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நமக்கு அந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. சம்பளச் சிட்டையை வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், கழித்த காசுக்குக் கணக்குக் கேட்க முடியும். ஆசிரியர் கதிரை வெறுமையாக இருப்பதில் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

தமிழ்நாட்டு ஆசிரியர் சங்கம் படத்தைத் தடை செய்யக் கேட்டது சரியில்லை என்பது எங்கள் கருத்து. கடமையில் நிற்கும் ஆசிரியருக்கு அந்தப் படம் வலித்திருக்கும், உண்மைதான். ஆனால் காலை 10 மணிக்கு வந்து 12 மணிக்கு பஸ் பிடிக்கிறவரும் நம்மிடையே உண்டு. வகுப்பில் தொலைபேசி பார்ப்பவரும் உண்டு. ‘தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்’ என்று வாய் கூசாமல் சொல்பவரும் உண்டு. பெற்றோர் கை தட்டுவது அந்த ஆட்கள் மேல் உள்ள கோபத்தில்தான். அந்தக் கோபத்தைப் பொலிஸில் கொடுத்து அடக்க முடியாது. நம் உரிமைக்குப் பெற்றோர் தோள் கொடுக்க வேண்டும் என்றால், நம் கடமையைப் பெற்றோர் கேள்வி கேட்கவும் இடம் கொடுக்க வேண்டும். சங்கத்தில் இருக்கிற ஆசிரியர்கள் இதை முதலில் ஏற்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

கை தட்டலோடு நிற்காமல் அடுத்த தவணை தொடங்குமுன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த ஐந்து விசயத்தை எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

முதலாவது, தங்குமிடம். பல தோட்டங்களில் உத்தியோகத்தர் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அதில் ஒன்றைத் திருத்தி ஆசிரியர்களுக்கு ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்த அக்கா கேட்ட காம்பராக் கேள்விக்குப் பதில் இதுதான். இதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. தோட்டக் கந்தோரிலேயே பேசலாம்.

இரண்டாவது, போக்குவரத்து. பிரதான வீதியில் இருந்து பாடசாலைக்கு 4, 5 கிலோமீற்றர் ஏறி வரும் டீச்சருக்குக் காலையில் தோட்ட வாகனத்தில் இடம் கிடைக்க வேண்டும். அதே வாகனத்தில் தூரத்து டிவிசன் பிள்ளைகளும் வரலாம்.

மூன்றாவது, மாற்றீடு. மாற்றல் ஆசிரியரின் உரிமை. அதை மறிக்கக் கூடாது. ஆனால் பதிலுக்கு ஒருவர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகே முதல் ஆளை விடுவிக்க வேண்டும் என்று வலயக் கல்விப் பணிப்பாளரிடம் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

நாலாவது, சாப்பாடு. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் உணவு நம் பாடசாலையில் ஒழுங்காக நடக்கிறதா, எத்தனை நாள் நடக்கவில்லை என்று மாதர் சங்கத் தலைவி பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, கூட்ட நேரம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தைக் கிழமை நாளில் காலையில் வைத்தால் கொழுந்தெடுக்கும் தாய் எப்படி வருவார்? 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர் போகும். ஞாயிற்றுக்கிழமையோ கடைசி நிறுவைக்குப் பிறகோ வையுங்கள் என்று அதிபரிடம் கேளுங்கள். வைத்த பிறகு வராமல் இருந்துவிடாதீர்கள்.

இந்த ஐந்துக்கும் அத்தாட்சி வேண்டும். அதற்கு ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளை, அன்று எந்தப் பாடம் நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று வீட்டுக்கு வந்ததும் பெற்றோரிடம் சொல்லட்டும். பெற்றோர் எழுதட்டும். ஆசிரியரின் பெயர் வேண்டாம். பாடமும் திகதியும் போதும். ஒரு ஆளைப் பிடித்துக் கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. வெறுமையான கதிரை எத்தனை நாள் வெறுமையாக இருந்தது என்று காட்டுவதற்கு. எங்கள் பாடசாலை ஒன்றில் ஒரு தவணை முழுக்க இப்படி எழுதிப் பார்த்தோம். விஞ்ஞானம் வாரக் கணக்கில் நடக்கவில்லை என்பது அதிபருக்கே அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் முழுதாகத் தெரிந்தது. அதைப் பிரதி எடுத்துக்கொண்டு அவரே எங்களோடு வலயக் கந்தோருக்கு வந்தார். அடுத்த தவணையில் ஒரு விஞ்ஞான டீச்சர் வந்தார். இப்போது அவருக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

திருமலைத் தோழர்கள் தங்கள் பகுதியிலும் இந்தக் கொப்பியைத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மலையில் இருக்கும் கமிட்டிகள் பிந்தக் கூடாது. தவணை முடிவில் கொப்பிகளைத் தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ கொடுங்கள். அவற்றைச் சேர்த்து மாகாணக் கல்விப் பணிப்பாளரிடம் கொடுக்கும் நாளில், கொழுந்தெடுப்பவரும் ஆசிரியரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

அடுத்த பண்டிகைக்கும் வாத்தியார் படம் வரும். எல்லாரும் சேர்ந்து பார்ப்போம், கை தட்டுவோம். அதற்கு முன்னால் இந்த மாதச் சந்தா கட்டும்போது, உங்கள் பிள்ளையின் வகுப்பில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்பதைத் தலைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.